வங்கிக் கூற்றில் கவுன்சிலின் பெயர்: எந்தப் பணம் எதற்குப் போனது என்று கண்டறிவது எப்படி?

பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களின் வங்கிக் கூற்றில், கடைக்கும் தொலைபேசிக்கும் போன பணம் பார்த்த உடனேயே விளங்கிவிடும். கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், பெயரிலோ, அந்தப் பெயரின் பாதித் துண்டிலோ, என்னவென்று பிடிபடாத மூன்று எழுத்துகளிலோ எடுக்கப்பட்ட தொகை அவ்வளவு எளிதாக விளங்குவதில்லை. கவுன்சில் எடுத்தால் சரியாகத்தான் எடுத்திருக்கும் என்று பலர் அந்தப் பதிவைக் கடந்துபோகிறார்கள். வேறு சிலர் மோசடி என்று பயந்து, வங்கிக்கு அழைத்து, டைரக்ட் டெபிட்டையே, அதாவது கணக்கிலிருந்து கவுன்சில் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியையே, நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாலும் பணம் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூற்றில் உள்ள பெயர் மிகக் குறைவாகவே சொல்லும். பணம் போன முறை, பெயருக்குப் பக்கத்தில் உள்ள இலக்கம், தொகை, திகதி ஆகிய நான்கையும் கவுன்சில் அனுப்பிய பில்லின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

ஆகவே முதலில் அந்தப் பில்லைத் தேடி எடுங்கள். கவுன்சில் வரிக்கான பில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும். ஏப்ரல் 1 முதல் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரையான காலத்துக்கு அது பொருந்தும். அதில் இரண்டு மூன்று இலக்கங்கள் இருக்கலாம். வீட்டுக்குரிய இலக்கம் ஒன்று, உங்கள் வரிக் கணக்குக்குரிய இலக்கம் இன்னொன்று. நமக்கு வேண்டியது கணக்கிலக்கம்தான். டைரக்ட் டெபிட்டில் பணம் எடுக்கும் கவுன்சில் பெரும்பாலும் அதையே வங்கிக் கூற்றிலும் பதியவைக்கும் என்பதால், அந்த இலக்கம் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது.

பெயர் ஏன் இப்படிக் குழம்பிக் கிடக்கிறது?

டைரக்ட் டெபிட்டுகளைக் கையாளும் பாக்ஸ் என்னும் முறைமையில், பணம் பெறுபவரின் பெயருக்கு 18 எழுத்திடங்கள் மட்டுமே உண்டு. ஆங்கிலத்தில் "லண்டன் பரோ ஆஃப்" என்று எழுதி ஓர் இடைவெளி விட்டால், அந்த 18 இடங்களும் அதிலேயே தீர்ந்துவிடும்; எந்தப் பரோ (லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவு) என்று எழுதுவதற்கு ஓர் எழுத்துக்குக்கூட இடம் இராது. அதனால்தான் "எல்.பி." என்று சுருக்கி, பின்னால் பரோவின் பெயரையோ முதலெழுத்தையோ சேர்க்கிறார்கள். "எல்.பி.எச்." என்று இருந்தால் அதை ஹரோ என்று மட்டும் கொள்ள முடியாது. ஹக்னி, ஹமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹம், ஹரிங்கே, ஹவரிங், ஹில்லிங்டன், ஹவுன்ஸ்லோ ஆகியவையும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. லண்டனின் 32 பரோக்களில் ஏழு அப்படி. ஒரு பெரியவர் தன்னிடமிருந்து ஒரே மாதத்தில் இரண்டு முறை கவுன்சில் வரி எடுத்துவிட்டார்கள் என்று கூற்றைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு பதிவுகளும் "எல்.பி.எச்." என்றுதான் தொடங்கின. முதலாவது அவருடைய வரித் தவணை; இரண்டாவது, அவருடைய மகன் பக்கத்துப் பரோவில் வாகனம் நிறுத்தியதற்கான தண்டத்தைத் தகப்பனின் அட்டையால் கட்டியது. முன்னதில் எட்டு இலக்கக் கணக்கெண் இருந்தது, பின்னதில் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் இருந்தன. பெயரை மட்டும் பார்த்திருந்தால் அவர் ஏமாற்றப்பட்டதாகவே நம்பியிருப்பார்.

"சி.சி." என்பதும் அப்படித்தான்: நகரக் கவுன்சிலாகவும் இருக்கலாம், கவுண்டிக் கவுன்சிலாகவும் இருக்கலாம். லண்டனுக்கு வெளியே எசெக்ஸ், கென்ட் போன்ற இடங்களின் பெரும்பகுதியில் இரண்டு அடுக்குக் கவுன்சில்கள் இயங்குகின்றன. பாடசாலைகளையும் பெரும்பாலான வீதிகளையும் கவுண்டி பார்க்கிறது. குப்பையை எடுப்பதும் வரியை அறவிடுவதும் மாவட்டக் கவுன்சிலின் வேலை. ஆகவே பில்லில் மிகப் பெரிய பங்கு கவுண்டிக்குப் போனாலும், வங்கிக் கூற்றில் மாவட்டத்தின் பெயர்தான் வரும். கவுண்டியின் பெயரில் ஒரு தொகை போயிருந்தால் அது வேறு எதற்கோ போன பணம் என்று அப்போதே ஐயுறலாம். கவுன்சில்கள் ஒன்றாக இணைக்கப்படும்போதும் பெயர் மாறும். 2023 ஏப்ரல் 1 அன்று சமர்செட், வடக்கு யோக்‌ஷயர், கம்பிரியா ஆகிய பகுதிகளில் மாவட்டக் கவுன்சில்கள் ஒழிந்து புதிய கவுன்சில்கள் பொறுப்பேற்றன. அங்கே இருந்தவர்களுக்கு வீடு மாறாமலே பணம் பெறுபவரின் பெயர் மாறியது.

வட அயர்லாந்தில் கவுன்சில் வரி என்பதே இல்லை. அங்கே "ரேட்ஸ்" என்ற வரியை லேண்ட் அண்ட் ப்ராப்பர்ட்டி சர்வீசஸ் என்ற அரச அமைப்பு அறவிடுகிறது. ஸ்கொட்லாந்தில் கவுன்சில் வரிப் பில்லோடு ஸ்கொட்டிஷ் வாட்டர் நிறுவனத்தின் குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களும் சேர்ந்தே வரும். இங்கிலாந்திலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர்களுக்கு முதல் பில் கனமாகத் தோன்றுவதற்கு அது ஒரு காரணம்.

பணம் எந்த வழியால் போனது?

பெயருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள இரண்டு மூன்றெழுத்துக் குறிகளை அலட்சியம் செய்யாதீர்கள். "டி.டி." என்றால் டைரக்ட் டெபிட்: தொகையைத் தீர்மானிப்பது கவுன்சில். "எஸ்.ஓ." என்றால் ஸ்டாண்டிங் ஆர்டர்: தொகையைத் தீர்மானித்தது நீங்கள்; நீங்கள் நிறுத்தும் வரை அது போய்க்கொண்டே இருக்கும். "எஃப்.பி.ஓ." என்பது நீங்களாக அனுப்பிய வங்கிப் பரிமாற்றம். "பி.ஜி.சி." அல்லது "எஃப்.பி.ஐ." என்றால் பணம் உங்களுக்கு வந்திருக்கிறது. அட்டையால் கட்டியவற்றுக்கு ஒவ்வொரு வங்கியும் வெவ்வேறு குறி வைத்திருக்கிறது.

டைரக்ட் டெபிட்டுக்கும் ஸ்டாண்டிங் ஆர்டருக்கும் உள்ள இந்த வேறுபாடுதான், என் அனுபவத்தில், மிகக் கூடுதலான பணத்தை விழுங்கியிருக்கிறது. ஒரு கவுன்சிலின் எல்லையிலிருந்து பக்கத்துக் கவுன்சிலின் எல்லைக்கு நான் வீடு மாறியபோது, பழைய கவுன்சிலுக்கு எழுதிக் கணக்கை முடித்தேன்; அவர்களும் இறுதிப் பில்லை அனுப்பினார்கள். ஆனால் அவர்களுக்கு மாதந்தோறும் 142 பவுண் போவதற்காக வங்கியில் நான் போட்டிருந்த ஸ்டாண்டிங் ஆர்டர் அப்படியே இருந்தது. புதிய கவுன்சிலுக்கு டைரக்ட் டெபிட் தொடங்கிவிட்டதால், கூற்றில் கவுன்சில் என்று எதைக் கண்டாலும் வரிதானே என்று விட்டுவிட்டேன். ஐந்து மாதங்களில் 710 பவுண் மூடப்பட்ட ஒரு கணக்கில் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி அந்தக் கவுன்சில் எனக்கு ஒரு வரியும் எழுதவில்லை. திரும்பப் பெறுவதற்கு மூன்று கடிதங்களும் வங்கிக் கூற்றின் ஐந்து பக்கங்களும் தேவைப்பட்டன. டைரக்ட் டெபிட்டாக இருந்திருந்தால் கணக்கு மூடப்பட்டதோடு அறவீடும் நின்றிருக்கும்.

ஸ்டாண்டிங் ஆர்டருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஏப்ரலில் வரி கூடினாலும் அது பழைய தொகையையே அனுப்பும். மாதம் எட்டுப் பவுண் குறைந்தாலும் கவுன்சிலின் கணினிக்கு அது தவறிய தவணைதான். நினைவூட்டற் கடிதம் தானாகவே புறப்பட்டுவிடும்.

கவுன்சில் வரியின் தொகை எப்படி அமைகிறது?

வரி, வீட்டின் பெறுமதிப் பிரிவைப் பொறுத்தது. இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகள் உள்ளன. 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதே இன்றும் அளவுகோல். வேல்ஸில் 2003 ஆம் ஆண்டின் விலையை வைத்து ஒன்பது பிரிவுகள். கவுன்சில் தன் வரி வீதத்தை டி பிரிவுக்கு நிர்ணயிக்கும். இங்கிலாந்தில் ஏ பிரிவு அதன் ஒன்பதில் ஆறு பங்கையும், எச் பிரிவு அதன் இரண்டு மடங்கையும் செலுத்தும். வயது வந்தோர் பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்கள் 2023 முதல் பொதுவாக 5 சதவீதத்துக்குக் கீழே வரியைக் கூட்டலாம். அதற்கு மேல் கூட்ட விரும்பினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஆகவே ஏப்ரலில் தவணை சற்று ஏறியிருந்தால் அதில் வியப்பில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால், ஏதோ ஒரு வரிக் கழிவு (தள்ளுபடி) நின்றுபோயிருக்கலாம் என்று பில்லைத் திறந்து பாருங்கள்.

தவணைகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது கடினமல்ல. உதாரணமாக, ஆண்டுக்கான வரி 1,876.43 பவுண் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணைகள் வரும். கவுன்சில் ஒன்பது தவணைகளை முழுப் பவுணாக 188 என்று வைத்தால், அவை 1,692 பவுண் ஆகும், மீதி 184.43 முதல் தவணையில் வரும். அதனால்தான் ஏப்ரலில் சில்லறையோடு ஒரு தொகையும், மே முதல் சில்லறை இல்லாத இன்னொரு தொகையும் தெரிகின்றன. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் எதுவும் எடுக்கப்படாது. அந்த இரண்டு மாதங்களும் காலியாக இருப்பதைக் கண்டு டைரக்ட் டெபிட் முறிந்துவிட்டது என்று கலங்க வேண்டாம். ஏப்ரலில் மீண்டும் தொடங்கும்போது யாரோ புதிதாக எடுக்கிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். பத்து மாதங்களில் கட்டுவது பாரமாக இருந்தால் பன்னிரண்டு தவணை கேட்கலாம். இங்கிலாந்தில் அது உங்கள் உரிமை. மேற்சொன்ன வரிக்கு அப்போது மாதம் 156 பவுண் அளவில் வரும்.

ஆண்டின் நடுவே தொகை மாறினால் அதற்கும் கணக்கு உண்டு, ஏனென்றால் இந்த வரி நாள் கணக்கில் பெருகுவது. அதே வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்து, செப்டம்பர் முடிவில் ஒருவர் வெளியேறி, அதைக் கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டார் என்று வைப்போம். ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாட்கள். தனியொருவருக்கான கழிவு 25 சதவீதம். ஆண்டு முழுவதற்கும் அது 469.11 பவுண். 182 நாட்களுக்கு 233.91 பவுண் வரும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மீதமிருந்த நான்கு தவணைகளின் கூட்டுத்தொகை 752 பவுண், அதிலிருந்து 233.91 கழித்தால் 518.09. ஆகவே தவணை 188 பவுணிலிருந்து ஏறத்தாழ 130 பவுணுக்கு இறங்க வேண்டும். கூற்றில் இன்னும் 188 போய்க்கொண்டிருந்தால் கழிவு பதியப்படவில்லை. 141 என்று இறங்கியிருந்தால், யாரோ அந்த மாதத் தவணையில் மட்டும் கால்வாசியைக் கழித்திருக்கிறார்கள். ஆறு மாதக் கழிவை நான்கு தவணைகளில் தர வேண்டும் என்பது தவறிவிட்டது.

இந்தக் கழிவை நம் குடும்பங்கள் கேட்காமல் விடுவது எனக்குப் பெரும் வருத்தம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்களில் யார் கணக்கில் சேர்வார்கள் என்பதே முக்கியம். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் சேர மாட்டார்கள். முழுநேர மாணவர்கள் சேர மாட்டார்கள். மறதிநோய் போன்றவற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் மருத்துவச் சான்றும் உரிய உதவித்தொகைத் தகுதியும் கொண்டிருந்தால் அவரும் சேர மாட்டார். ஒரு தாயும் பல்கலைக்கழகத்தில் முழுநேரம் படிக்கும் மகளும் மட்டும் இருக்கும் வீட்டில், சட்டத்தின் கண்ணில் இருப்பது ஒரே ஒரு பெரியவர்தான். 25 சதவீதம் கழிய வேண்டும். எல்லோருமே முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. வலுவிழந்த ஒருவருக்காக வீட்டில் கூடுதல் குளியலறையோ சக்கர நாற்காலிக்கான இடமோ இருந்தால், ஒரு பிரிவு கீழே இறக்கிப் பில் போடும்படி கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான வரிக் குறைப்பு தனியானது. 2013 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலும் தன் சொந்தத் திட்டத்தை வைத்திருப்பதால், பக்கத்து ஊரில் கிடைத்தது உங்கள் ஊரில் கிடைக்காமல் போகலாம். இந்தக் கழிவுகள் எவையும் வங்கிக் கூற்றில் வரவாகத் தெரியாது. தவணை சிறுத்திருப்பதே அவற்றின் அடையாளம்.

திகதியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அறவீட்டு நாள் சனி, ஞாயிறு அல்லது வங்கி விடுமுறையில் விழுந்தால், அடுத்த வேலை நாளில்தான் பணம் போகும். மாதக் கடைசியைத் தெரிவு செய்தவர்களுக்கு இதனால் ஒரு மாதத்தில் எதுவும் இல்லாமலும் அடுத்த மாதத்தில் இரண்டு தவணைகளும் தெரியக்கூடும். அது இரட்டை அறவீடு அல்ல.

வாகனம் சம்பந்தமான கொடுப்பனவுகள்

வரிக்கு அடுத்தபடியாகக் குழப்புவது வாகனம்தான். கவுன்சிலின் தண்டக் கடிதத்துக்குப் பெயர் பெனல்டி சார்ஜ் நோட்டீஸ். தனியார் வாகனத் தரிப்பு நிறுவனங்கள் அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டையும் "பி.சி.என்." என்றே சுருக்குவதால், தனியாருக்குக் கட்டியதைக் கவுன்சிலுக்குக் கட்டியதாகப் பலர் நினைக்கிறார்கள். முன்னது சட்டப்படியான தண்டம். பின்னது ஒப்பந்தம் மீறப்பட்டதாகச் சொல்லி ஒரு நிறுவனம் கேட்கும் பணம். முறையீட்டு வழிகளும் வேறு. இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே கவுன்சிலின் தரிப்புத் தண்டம் தவறின் தன்மையைப் பொறுத்து 70 அல்லது 50 பவுண். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. ஆகவே கூற்றில் 35 அல்லது 25 பவுண் கவுன்சிலின் பெயரில் அட்டையால் போயிருந்தால், குடும்பத்தில் வண்டி ஓட்டுபவர்களிடம் முதலில் கேளுங்கள். லண்டனில் தண்டம் 160 பவுண் வரை போகும். அதன் பாதி 80.

தெருவில் காசு கட்டி நிறுத்துவதற்கு ரிங்கோ, பே-பை-ஃபோன், ஜஸ்ட்பார்க் போன்ற செயலிகளைப் பயன்படுத்தினால், பணம் கவுன்சிலுக்குப் போனாலும் கூற்றில் செயலியின் பெயர் வரலாம். சில இடங்களில் தரிப்புக் கட்டணத்தோடு சிறிய சேவைக் கட்டணமும், குறுந்தகவல் கேட்டிருந்தால் அதற்கான சில பென்ஸும் சேரும். பலகையில் கண்ட தொகைக்கும் கூற்றில் உள்ள தொகைக்கும் இருபது முப்பது பென்ஸ் வித்தியாசம் இருப்பது அதனால்தான். தேவையில்லாத குறுந்தகவலைச் செயலியின் அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

லண்டனின் நெரிசல் கட்டணம், யூலெஸ் என்னும் தூய காற்றுக் கட்டணம், 2025 ஏப்ரலில் தொடங்கிய பிளாக்வோல், சில்வர்டவுன் சுரங்கப்பாதைக் கட்டணங்கள் ஆகியவை எந்தக் கவுன்சிலுக்கும் உரியவை அல்ல. அவற்றை அறவிடுவது ட்ரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டன். டார்ட்ஃபோர்ட் பாலத்தின் கட்டணம் தேசிய நெடுஞ்சாலை அமைப்புக்குரியது. தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்தானது: யூலெஸ் ஒரு நாளுக்கு 12.50 பவுண், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்புச் சான்றிதழின் ஒரு பிரதிக்கும் 12.50 பவுண்தான், அதைப் பெறுவது கவுன்சிலின் பதிவாளர் அலுவலகத்தில்.

கடை வைத்திருப்பவர்களுக்கு

நம்மவர்களில் கடை நடத்துபவர்கள் பலர் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டும். வணிகக் கணக்கில் கவுன்சிலின் பெயரில் போகும் பெரிய தொகை, வணிக இட வரி; அதை "என்.என்.டி.ஆர்." என்றோ "என்.டி.ஆர்." என்றோ குறிப்பார்கள். இதுவும் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணையாக வருவது வழக்கம். கடைக்கு மேலே குடியிருந்தால் மேல்மாடிக்குக் கவுன்சில் வரி தனியாக வரும். ஒரே கவுன்சில், ஒரே முகவரி, இரண்டு கணக்கிலக்கங்கள். ஒன்றுக்குரிய பணத்தை மற்றதன் இலக்கத்தில் அனுப்பிவிட்டு, ஒரு கணக்கில் மிகையும் மற்றதில் நிலுவையும் இருக்க, நிலுவைக்காக நீதிமன்ற அழைப்பாணை வரும் வரை அறியாமல் இருந்தவர்கள் உண்டு.

இங்கிலாந்தில் ஒரே ஒரு வணிக இடத்தை வைத்திருந்து அதன் வரிப் பெறுமதி (வரியைக் கணக்கிட அந்த இடத்துக்குப் போட்ட மதிப்பு) 12,000 பவுணோ அதற்குக் குறைவோ என்றால், சிறு வணிகச் சலுகையால் வரி முழுவதும் நீங்கும். 15,000 வரை சலுகை படிப்படியாகக் குறையும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். மாதந்தோறும் வணிக இட வரி போய்க்கொண்டிருந்தால், பில்லில் அந்தப் பெறுமதியை ஒருமுறை பாருங்கள்.

மதுபானம் விற்கும் கடைக்கு ஆண்டுதோறும் ஒரு முறை அனுமதிப்பத்திரக் கட்டணம் போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரிப் பெறுமதி 4,300 வரை என்றால் 70 பவுண், 33,000 வரை 180, 87,000 வரை 295. சிறு தொகைதான், ஆனால் கட்டத் தவறினால் கவுன்சில் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்திவிடும். போன ஆண்டு இதே மாதத்தில் போன தொகை இந்த ஆண்டு கூற்றில் காணப்படவில்லை என்றால் உடனே விசாரியுங்கள். கவுன்சிலோடு குப்பை ஒப்பந்தம் செய்திருந்தால் அதுவும் தனிப் பில்லாகவே வரும்.

வேறு சில வரவு செலவுகள்

தோட்டக் கழிவு எடுப்பதற்கான ஆண்டுச் சந்தா, குடியிருப்பாளர் தரிப்பு அனுமதி, பெரிய தளபாடங்களை அகற்றும் கட்டணம் ஆகியவை ஆண்டுக்கு ஒரு முறையோ எப்போதாவதோ வருவதால் மறந்துபோகும். தோட்டச் சந்தா டைரக்ட் டெபிட்டில் இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் தானாகப் புதுப்பிக்கப்படும். கவுன்சில் வீட்டின் வாடகை வரியோடு சேராது. கவுன்சிலிடமிருந்து விலைக்கு வாங்கிய தொடர்மாடி வீடு என்றால், கட்டடப் பராமரிப்புக்கான கட்டணம் முதலில் மதிப்பீடாக எடுக்கப்பட்டு, உண்மைச் செலவு தெரிந்தபின் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யப்படும். ஆண்டின் நடுவே அந்தப் பெயரில் தனித்தொகை வந்தால் அதன் கடிதத்தைத் தேடுங்கள். ஒரு திருத்த வேலைக்கு ஒரு வீட்டுக்காரரின் பங்கு 250 பவுணைத் தாண்டுமானால், அவரிடம் முறைப்படி கலந்தாலோசிக்க வேண்டும் என்பது சட்டம்.

கவுன்சிலிடமிருந்து பணம் வந்திருந்தால் அது பெரும்பாலும் மிகையாகக் கட்டியதன் மீளளிப்பு. 2022 இல் மின்சார, எரிவாயு விலை ஏறியபோது இங்கிலாந்தில் ஏ முதல் டி வரையான பிரிவு வீடுகளுக்கு 150 பவுணைக் கவுன்சில்களே வங்கியில் போட்டன. அது அரசின் ஒருமுறை உதவி. அதைப் பற்றிய நினைவைப் பயன்படுத்தி, உங்களுக்கு வரி மீளளிப்பு இருக்கிறது, இந்த இணைப்பை அழுத்தி வங்கி விவரத்தைத் தாருங்கள் என்று வரும் குறுந்தகவல்களை நம்பாதீர்கள். பார்க்கிங் இயந்திரங்களில் போலிக் கியூஆர் ஒட்டிகளை ஒட்டி அட்டை விவரங்களைத் திருடுவதும் நடக்கிறது. செயலியை நேராகத் திறந்து கட்டுவதே பாதுகாப்பு.

எதற்கும் பொருந்தாத தொகை இருந்தால்

முதலில் அந்தத் தொகையைச் சில்லறையோடு உங்கள் மின்னஞ்சலில் தேடுங்கள்; இணையத்தில் கட்டிய பெரும்பாலானவற்றுக்குப் பற்றுச்சீட்டு வந்திருக்கும். கூட்டுக் கணக்கு என்றால் மற்றவரிடமும், அட்டையைக் கையாளும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அதன்பிறகும் தெரியாவிட்டால், கவுன்சிலின் சொந்த இணையத்தளத்தில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். குறுந்தகவலில் வந்த இலக்கத்துக்கு அல்ல. அங்கே வரிப் பிரிவும் வாகனப் பிரிவும் வாடகைப் பிரிவும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கலாம். வரிப் பிரிவு "எங்களிடம் அப்படி ஒரு பதிவு இல்லை" என்று சொன்னால், கவுன்சில் முழுவதிலும் இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல.

டைரக்ட் டெபிட்டில் தவறு நடந்தது உறுதியானால், டைரக்ட் டெபிட் உத்தரவாதம் உங்கள் பக்கம் இருக்கிறது. தொகையோ திகதியோ மாறுவதாக இருந்தால் முன்னதாக, வழக்கமாக 10 வேலை நாட்களுக்கு முன், உங்களுக்கு அறிவிக்க வேண்டும். பிழையாக எடுத்தால் வங்கி உடனே முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். ஆனால் உண்மையில் கட்ட வேண்டிய பணத்தை இப்படித் திரும்ப வாங்கினால் கடன் அப்படியே நிற்கும், கேட்கும்போது திருப்பிக் கட்டவும் வேண்டும். டைரக்ட் டெபிட்டை நிறுத்துவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தவணை தவறினால் விளைவு வேகமாக வரும். இங்கிலாந்தில் நினைவூட்டற் கடிதம் வந்து 7 நாட்களுக்குள் கட்டாமல், மேலும் 7 நாட்கள் கடந்தால், தவணையாகக் கட்டும் உரிமை போய், ஆண்டின் மீதி முழுவதையும் ஒரே முறையில் கேட்பார்கள். அடுத்தது நீதவான் நீதிமன்ற அழைப்பாணை; அதன் செலவும் உங்கள் தலையில் ஏறும். பணம் இல்லாமல் தவறினாலும் சரி, கணக்கில் பிழை இருந்தாலும் சரி, அந்த முதல் 7 நாட்களுக்குள் கவுன்சிலோடு பேசிவிடுங்கள். அப்போது புதிய தவணைத் திட்டம் போட்டுத்தர அவர்கள் பெரும்பாலும் இணங்குவார்கள்.

எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். கணக்கிலக்கம், முகவரி, கூற்றில் உள்ளபடி பெயரும் திகதியும் தொகையும், பணம் போன முறை, அது ஏன் தவறு என்று நீங்கள் கருதுகிறீர்கள் என்ற ஒரு வாக்கியம், என்ன வேண்டும் என்ற இன்னொரு வாக்கியம், இவ்வளவும் போதும். கூற்றின் அந்தப் பக்கத்தை இணைக்கும்போது சம்பந்தமில்லாத மற்றப் பதிவுகளை மறைத்துவிடுங்கள். மீளளிப்பை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று கேட்டால், அந்த விவரத்தைக் கவுன்சிலின் இணையப் படிவத்தில் மட்டும் கொடுங்கள். பதில் வரும் வரை உண்மையான தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள்.